கையெழுத்து வாங்கியாச்சு, அப்புறம்?

பொதுப் பிரச்சினைகளுக்கு மனு கொடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: கொடுத்தோம், ஒன்றும் நடக்கவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் கண்மண் தெரியாமல் வருகின்றன. வேகத்தடை வேண்டும் என்று எங்கள் பகுதியில் 212 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். நாலு மாதம் ஆகிறது, பதிலே இல்லை. மனுவால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை நம் மனசு ஆறுவதற்காகச் செய்கிற வேலையா?

பலன் உண்டு. நீங்கள் அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தேன், அதை வைத்தே சொல்கிறேன். மனு யாருக்கு என்ற இடத்தில் "உயர் அதிகாரி அவர்களுக்கு" என்று மட்டும் இருக்கிறது. எந்த உயர் அதிகாரி? சாலை ஒரு துறையிடம் இருக்கும், போக்குவரத்து இன்னொரு துறையிடம், பள்ளி மூன்றாவது துறையிடம். பெயரில்லாமல் போகிற காகிதம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டே இருக்கும், எந்த மேசைக்கும் அது தன் வேலை என்று தோன்றாது. அடுத்து, வேகத்தடையோடு தெருவிளக்கு, குப்பை, நாய்த் தொல்லை, நூலகத்துக்குக் கூடுதல் நேரம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறீர்கள். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான், ஆனால் ஐந்தும் ஒரே காகிதத்தில் இருந்தால் ஐந்து துறையும் மற்ற நாலைக் காட்டி ஒதுங்கிவிடும். மூன்றாவதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது: கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கவில்லை. நாளைக்கு "அப்படி ஒரு மனு வரவே இல்லையே" என்று சொன்னால் 212 பேருடைய கையெழுத்தும் எங்கே போனது என்று காட்ட உங்கள் கையில் ஒன்றும் இல்லை.

என் முதல் மனுவை இருபத்து மூன்று வயதில் எழுதினேன். மூடியில்லாத வடிகாலில் ஒரு சின்னப் பையன் விழுந்து கால் முறிந்திருந்தது, அந்தக் கோபத்தில் நாலு பக்கம் எழுதியிருந்தேன். அலுவலகத்தில் ஒரு வயதான எழுத்தர் வாங்கினார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலை ஓரத்தில் வைத்து மேலிருந்து கீழே ஓட்டிக்கொண்டே நாலு பக்கத்தையும் திருப்பினார். பிறகு நிமிர்ந்து, "தம்பி, இதுல நாங்க என்ன செய்யணும்னு எங்க எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். தேடினேன். மூன்றாம் பக்கத்தில், ஒரு நீளமான வாக்கியத்தின் நடுவில் இருந்தது. அவரே ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன நடந்தது, என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள், இதை மட்டும் எழுதுங்கள் என்றார். அவர் மேசை ஓரத்தில் நின்றே எழுதினேன். நகலில் வட்ட முத்திரை குத்தி, சிவப்பு மையால் ஒரு எண் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மூன்று தடவை நடந்தேன், ஏழு வாரம் ஆனது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன், யாரும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. வடிகாலுக்கு மூடி வந்தது.

கண்ணகியை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு இருந்த துக்கத்துக்கு நாள் முழுக்க அழுதிருக்கலாம். ஆனால் அவையில் தான் யார், எந்த ஊர், யாருடைய மனைவி என்று சொல்லி, என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்று உடைத்துக் காட்டினாள். அதற்குப் பிறகு பாண்டியனிடம் பதில் இல்லை.

உங்களுக்கும் பரல் இருக்கிறது, எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் காலையில் பள்ளி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் இரண்டு பேர் வாசலில் நின்று எத்தனை வண்டி போகிறது, எத்தனை குழந்தைகள் சாலையைக் கடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். அந்தச் சாலை யார் பொறுப்பு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் பதவியைப் போட்டு, வேகத்தடையை மட்டும் கேட்டு, 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்று எழுதி, பழைய 212 கையெழுத்தின் நகலையும் இணைத்துக் கொடுங்கள். ஒப்புகை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

கேள்வி: எத்தனை கையெழுத்து இருந்தால் அரசாங்கம் மதிக்கும்?

நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனுக்களில் 10,000 சேர்ந்தால் அரசு பதில் எழுதும், 1,00,000 சேர்ந்தால் விவாதத்துக்கு எடுப்பதைப் பரிசீலிப்பார்கள். பின்லாந்தில் ஆறு மாதத்துக்குள் 50,000 பேர் ஆதரித்தால் அது நாடாளுமன்றத்தின் முன் போகும். ஒரே பாலினத்தவர் திருமணச் சட்டம் அங்கே அப்படித்தான் மக்களிடமிருந்து கிளம்பி, 2014 நவம்பரில் வாக்கெடுப்பில் ஜெயித்து, 2017 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஸ்விட்சர்லாந்தில் 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து சேர்த்தால் அரசியல் சட்டத்தையே திருத்தச் சொல்லி நாடு முழுக்க வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஸ்காட்லாந்து. அங்கே நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்க ஒரே ஒரு கையெழுத்து போதும். பெண்களுக்கு அறுவை சிகிச்சையில் உடலுக்குள் பொருத்திய செயற்கை வலையால் தீராத வலியில் கிடந்தவர்கள் 2014ல் ஒரு மனு கொடுத்தார்கள். குழுவின் முன் போய் உட்கார்ந்து தங்கள் உடம்பில் என்ன நடந்தது என்று தாங்களே சொன்னார்கள். அந்த ஆண்டே அந்தச் சிகிச்சையை நிறுத்திவைக்கச் சொல்லி சுகாதார அமைச்சர் கேட்டுக்கொண்டார், அப்படியும் அது முழுதாக நிற்கவில்லை, விடாமல் போராடி 2018ல்தான் நிறுத்தினார்கள். அவர்கள் கொண்டுபோனது எண்ணிக்கையை அல்ல, வாக்குமூலத்தை. எனவே உங்கள் தெருப் பிரச்சினைக்கு ஆயிரம் பேரைத் தேடி அலைய வேண்டாம், அந்தப் பிரச்சினையை அன்றாடம் அனுபவிக்கிற நாற்பது பேர் போதும்.

கேள்வி: இணையத்தில் வருகிற மனுக்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். இதனால் ஏதாவது ஆகுமா?

2019ல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் முடிவைக் கைவிடச் சொல்லி பிரிட்டன் நாடாளுமன்றத்துக்குப் போன இணைய மனுவில் 60 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். விவாதமும் நடந்தது. அரசு மறுத்துவிட்டது, 2020 ஜனவரி 31 அன்று நாடு விலகியது. அரை நிமிடத்தில் போட்ட கையெழுத்து அரை நிமிடத்தில் போட்டதுதான் என்று படிக்கிறவருக்கும் தெரியும். அதற்காகப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போடும்போது இரண்டு விஷயம் பாருங்கள். இது அரசே நடத்துகிற, பதில் சொல்லியாக வேண்டிய தளமா, அல்லது தனியார் தளமா? தனியார் தளம் என்றால் இந்தப் பட்டியலை யார், எப்போது, யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள். எழுதியிருந்தால் கையெழுத்தோடு நிற்காமல் உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரிக் கடிதமும் போடுங்கள்.

கேள்வி: வீட்டில் இல்லாதவர்களுக்காக நானே போட்டுவிட்டேன். எல்லாரும் சம்மதிப்பவர்கள்தான். தப்பா?

தப்புதான். தயவுசெய்து அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் அவர்களிடமே வாங்குங்கள்.

1848ல் இங்கிலாந்தில் உழைக்கும் மக்கள் வாக்குரிமை கேட்டு ஒரு பெரிய மனு கொண்டுபோனார்கள், சார்ட்டிஸ்ட் இயக்கம் என்று பேர். 57 லட்சம் கையெழுத்து என்று தலைவர்கள் சொன்னார்கள். நாடாளுமன்ற எழுத்தர்கள் எண்ணியபோது 20 லட்சத்துக்கும் கீழே. அதிலும் விக்டோரியா ராணியின் பெயர், கேலிப் பெயர்கள் எல்லாம் கிடந்தன. அவ்வளவுதான், சபை சிரித்தது, பத்திரிகைகள் சிரித்தன. கோரிக்கை என்ன என்பதை விட்டுவிட்டு எல்லாரும் கள்ளக் கையெழுத்தைப் பற்றியே பேசினார்கள். நாள் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு, பேனா பிடித்துப் பழகாத கையால் தன் பெயரை எழுதியவர்கள் அந்தக் கட்டுக்குள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுடைய மரியாதையும் சேர்ந்தே போனது, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அவர்கள் கேட்ட ஆறு கோரிக்கைகளில் ஐந்து பிற்காலத்தில் சட்டமாகிவிட்டன.

கேள்வி: மனுவில் என் பெயர் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயமாக இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் ஒதுங்கினால் கோழை என்கிறார்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் உங்கள் சம்பளத்தைக் கொடுக்கப் போவதில்லை. உங்கள் பயம் நியாயமானது, பழையதும்கூட. 1688ல் மன்னரிடம் மனு கொடுத்ததற்காக இங்கிலாந்தில் ஏழு பிஷப்புகளைச் சிறையில் போட்டு வழக்கு நடத்தினார்கள். நடுவர்கள் விடுதலை செய்தார்கள். அடுத்த ஆண்டே, மனு கொடுப்பது குடிமக்களின் உரிமை, அதற்காக யாரையும் சிறையில் போடுவதோ வழக்குத் தொடுப்பதோ சட்டவிரோதம் என்று உரிமைச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். சட்டப் புத்தகத்தில் இருக்கிற உரிமை உங்கள் முதலாளியின் முகச்சுளிப்பைத் தடுக்காது, அது எனக்கும் தெரியும்.

அந்தக் காலக் கப்பல் மாலுமிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கேப்டனுக்கு எதிராகப் புகார் எழுதினால் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத மாட்டார்கள், நடுவில் கோரிக்கையை எழுதி அதைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போடுவார்கள். யார் முதலில் போட்டது, யார் கிளப்பிவிட்டது என்று எவ்வளவு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. நீங்களும் தனியாக முதல் வரியில் போய் நிற்க வேண்டாம். குடியிருப்போர் சங்கமோ தொழிற்சங்கமோ இருந்தால் அதன் பெயரில் மனு போகட்டும், நீங்கள் புள்ளிவிவரம் சேர்ப்பது, படம் எடுப்பது, எழுதிக் கொடுப்பது என்று பின்னால் இருந்து செய்யுங்கள். கையெழுத்து வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேண்டாம் என்கிறவர்களை இரண்டாவது தடவை கேட்காதீர்கள்.

கேள்வி: தெருப் பிரச்சினை சரி. நாடு தழுவிய விஷயத்தில் நம் மனுவை யார் படிக்கப் போகிறார்கள்?

படிக்கவே மாட்டோம் என்று விதியே போட்ட சபை ஒன்று இருந்தது. அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி வந்த மனுக்களை எடுத்துப் பேசாமலே ஒதுக்கிவைக்க அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 1836ல் தீர்மானம் போட்டது. ஜனாதிபதியாக இருந்து இறங்கிய பிறகு சாதாரண உறுப்பினராக அங்கே வந்து உட்கார்ந்திருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் அதை விடவில்லை. மனுக்களைக் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே இருந்தார், சபை வாயை அடைத்துக்கொண்டே இருந்தது, அடைக்க அடைக்க மனுக்கள் கூடின, ஏனென்றால் அடிமை முறை பற்றிக் கவலைப்படாதவர்களுக்குக்கூட "மனு கொடுக்கிற உரிமையைப் பறிக்கிறார்களே" என்று கோபம் வந்தது. 1844 டிசம்பரில் அந்த விதியை எடுத்தார்கள். எட்டு வருஷம்.

நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டதும் ஒரே தடவையில் கிடைத்ததில்லை. 1891ல் சுமார் 9,000 கையெழுத்து, தோல்வி. 1892ல் ஏறக்குறைய 20,000, அப்போதும் தோல்வி. 1893ல் ஏறக்குறைய 32,000. தனித்தனியாக வந்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, நீளமான ஒரே சுருளாகச் சுற்றி எடுத்துப்போனார்கள், சபையில் அதைத் தரையில் உருட்டிவிட்டபோது அது விரிந்துகொண்டே போனதாம். அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று சட்டம் வந்தது. முதல் மனு தோற்றதும் அந்தத் தாள்களைத் தூக்கிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிப்பேன். தோற்ற மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள்தான் அடுத்த வருஷம் வீடு வீடாகப் போகிற ஆட்கள். அதனால் உங்கள் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள், "நிதி இல்லை", "பரிசீலனையில் உள்ளது" என்று வருகிற பதில்களையும் வையுங்கள். மறுத்ததற்கு எழுதியிருக்கிற காரணத்துக்குத்தான் உங்கள் அடுத்த மனு பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தண்ணீர்ப் பிரச்சினையில் அதிகம் கஷ்டப்படுவது அவர்தான். கைரேகை வைக்கலாமா?

கட்டாயம் வைக்கட்டும். முதலில் மனுவை முழுக்க அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் திருத்தம் சொன்னால் திருத்துங்கள் (சொல்வார், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்பதில் உங்களைவிட அவர் கணக்குச் சரியாக இருக்கும்). ரேகைக்குப் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, வாசித்துக் காட்டப்பட்டது என்று சாட்சிக்கு ஒருவர் கையெழுத்துப் போடட்டும். மனுவைக் கொடுக்கிற அலுவலகத்தில் வேறு ஏதாவது கேட்கிறார்களா என்றும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் மனு ஜெயித்துவிட்டது! நடைபாதை போட ஆணை வந்திருக்கிறது. இனி என்ன செய்வது?

வாழ்த்துகள், கடிதத்தைப் படித்ததும் எனக்கே சந்தோஷமாகிவிட்டது. ஆணை வந்திருக்கிறது, நடைபாதை இன்னும் வரவில்லை, அதை மறக்காதீர்கள். வேலை எப்போது தொடங்கும், யார் மேற்பார்வை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அதற்குள் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். கேட்கும்போது கதவைத் தட்டியவர்கள் கிடைத்ததும் வருவதில்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நீங்கள் போங்கள். அந்தப் பகுதியில் மழைக்குத் தண்ணீர் தேங்குகிறது என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, போகிற வழியில் அதையும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.