முதல் வேலையை விட்டு விலகுதல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

டிப்ளமோ முடித்த கையோடு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். 11 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். மாலை வகுப்பில் தரவுப் பகுப்பாய்வு படித்தேன். இப்போது சென்னையின் மறுகோடியில், சிறுசேரியில் ஒரு நிறுவனம் அந்தத் துறையில் வேலை தருகிறது. சம்பளமும் கூடுதல். முதலாளியிடம் சொன்னபோது, "உன்னைப் பிள்ளை மாதிரி வளர்த்தேன், கொஞ்சம் பொறு, சம்பளத்தை ஏற்றித் தருகிறேன்" என்றார். கைக்காசு எதுவும் மிஞ்சாது, நிரந்தர வேலையை விடாதே என்கிறார் அப்பா. புதிய இடத்தில் ஒரு மாதத்தில் சேரச் சொல்கிறார்கள். இங்கே நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். நான் செய்யப்போவது நன்றிகெட்ட செயலா?

(பெயரை வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. உங்களை வருத்துவது இந்தக் கேள்விதான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது இரண்டே சொற்கள். முதலாளி தர முன்வரும் சம்பள உயர்வு, நீங்கள் விலக நினைக்கும் காரணத்தைத் தொடவே இல்லை. அதை வாங்கிக்கொண்டு இருந்துவிட்டால், அடுத்த ஆண்டும் இதே மனக்குறையோடுதான் அங்கே இருப்பீர்கள்.

அவர் மீது உங்களுக்கு இருக்கும் மரியாதையை நான் மதிக்கிறேன். முதலாளியே தளத்தில் இறங்கி நிற்கும் சிறு தொழிற்கூடங்களில் செஞ்சோற்றுக் கடன் என்ற உணர்வு இன்றும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆனால் வாங்கிய சம்பளத்துக்கு மாதந்தோறும் உழைத்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கணக்கில் பாக்கி இல்லை. மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரியாமல் வந்த உங்களுக்கு அங்கே யாரோ பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் அல்லவா, பாக்கி இருப்பது அதற்குத்தான். நீங்கள் இன்னும் 10 ஆண்டுகள் அங்கேயே இருப்பதால் அது தீராது; உங்கள் இடத்துக்கு வருபவர் தடுமாறாதபடி செய்துவிட்டுப் போனால் தீரும்.

ஆகவே மிச்சமிருக்கும் நாட்களில் உட்கார்ந்து எழுதுங்கள். அளவுகருவிகளை எப்போது காலிபரேஷனுக்கு (அளவு சரிபார்ப்புக்கு) அனுப்ப வேண்டும் என்பதைக் கோப்பைப் பார்த்தே யாரும் தெரிந்துகொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த வார்ப்பட்டறையின் சரக்கில் மணலின் ஈரத்தால் காற்றுத்துளைகள் கூடும், காலை ஷிப்டில் கணினி இயக்கும் எந்த சி.என்.சி. எந்திரம் சூடேறும்வரை முதல் சில உருப்படிகளின் விட்டம் மாறி வரும், எந்த வாடிக்கையாளர் வரைபடத்தில் இல்லாத ஒன்றைப் போனில் மட்டும் சொல்வார் என்பவையெல்லாம் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவற்றை ஒரு நோட்டில், தளத்தில் பேசும் தமிழிலேயே எழுதி, புதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு முறை செய்தும் காட்டுங்கள். இதைவிடப் பெரிய நன்றியை எந்த முதலாளிக்கும் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவிடம் வாதாட வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள். தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றியவர் தாமாகவே ராஜினாமா செய்தாலும் அவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை கிடைக்கும். அந்தக் கூட்டுத்தொகை 26,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 15,000, 11 ஆண்டுகளுக்கு 1,65,000 ரூபாய். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல் அதே யு.ஏ.என். எண்ணின் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கீழ் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 ஆண்டுப் பணிக்காலத்தை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். வீடும் அம்பத்தூர்ப் பக்கம்தான் என்றால், ஒரு வேலைநாள் காலையில் சிறுசேரி வரை போய்ப் பார்த்துவிடுங்கள். அந்தப் பயணத்தைத் தினமும் தாங்க முடியுமா என்பதையும் குடும்பம் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

நோட்டீஸ் காலத்தைப் பொறுத்தவரை, புதிய நிறுவனத்திடம் இன்றே பேசி, சேரும் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேளுங்கள். பொறுப்பை முறையாக ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்பவரை நல்ல நிறுவனம் குறைவாக நினைக்காது. அவர்கள் மறுத்தால், மீதி நாட்களுக்கு ஈடான சம்பளத்தைக் கட்டிவிட்டு விலக உங்கள் நியமன உத்தரவு இடம் தருகிறதா என்று பாருங்கள். இடம் தந்தாலும் முதலாளியிடம் நேரில் சொல்லி, அவர் சம்மதத்தோடு, ரிலீவிங் கடிதத்தை (பணியிலிருந்து விடுவித்த கடிதத்தை) கையில் வாங்கிக்கொண்டே வெளியே வாருங்கள்.

அன்புடன்.