அப்போஸ்டில் குத்திய திருமணச் சான்றிதழ் ஏன் திரும்பியது?

உங்கள் திருமணச் சான்றிதழில் குத்திய அப்போஸ்டில், அதாவது ஹேக் ஒப்பந்த நாடுகள் ஆவணங்களுக்கு ஏற்கும் முத்திரை, இங்கே மலேசியாவில் செல்லாது, சகோதரி. மலேசியா ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேரவில்லை. கணவரின் கோலாலம்பூர் கம்பெனி போட்ட டிபென்டன்ட் பாஸ் (குடும்பத்தார் உடன் தங்குவதற்கான அனுமதி) விண்ணப்பம் பெரும்பாலும் அதனால்தான் திரும்பியிருக்கும். மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், கடைசியில் மலேசியத் தூதரகம் என்று வரிசையாகச் சான்றொப்பம் வாங்குங்கள்.

அலைவதற்கு முன் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. நம் ஆட்களுக்கே உரிய தலைவலி இது! என் மனைவிக்கும் அப்படித்தான் இருந்தது; இரண்டும் ஒருவரே என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் வைத்தோம். உங்களுக்கு அது போதுமா என்று கம்பெனி எச்ஆரிடம் முதலில் கேளுங்கள்.

அப்புறம், இந்தப் பாஸை நம்பி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் வேலை பேசிவிடாதீர்கள். வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்.