மகன் கம்பெனி மாறிக்கொண்டே இருக்கிறானா? முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள்!

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். 34 வருஷம் ஒரே துறை. என் மகனுக்கு 27 வயது. நாலு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் நிலைத்திருக்கும் பொறுமையே இல்லை. எப்படிப் புரியவைப்பது?
*– வாசகர், விழுப்புரம்*

பதில்: உங்களை 34 வருஷம் ஒரே இடத்தில் இருக்க வைத்ததில் பொறுமைக்கு எவ்வளவு பங்கோ, பென்ஷனுக்கும் அவ்வளவு பங்கு உண்டு, ஐயா. வருஷாவருஷம் இன்கிரிமென்ட், ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி, அவ்வப்போது ஊதியக்குழு, கடைசியில் மாதாமாதம் ஓய்வூதியம். நடுவில் விட்டுப்போனவருக்குத்தான் அன்று நஷ்டம். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு வேலைக்கு வந்தவர்களே அந்தப் பழைய பென்ஷன் இல்லாமல் பங்களிப்பு ஓய்வூதியத்தில்தான் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் மகன் இருப்பது தனியாரில். அங்கே சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி உயர்வது பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான்.

ஆகவே பொறுமையைப் பற்றிப் பேசுவதைத் தள்ளிவையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து அவருடைய பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மாறுகிற பிள்ளைகள் பணத்தைக் கோட்டை விடுவது அங்கேதான்.

முதலில் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். உறுப்பினருக்குத் தரப்படும் நிரந்தர எண். எத்தனை கம்பெனி மாறினாலும் அது ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். புதிய இடத்தில் சேரும்போது பழைய எண்ணைச் சொல்லாமல் விட்டால் இரண்டாவது எண் உருவாகி, சேமிப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். அடுத்து, பணி விவரத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் நேரே வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கம்பெனி பதியாமல் விட்டிருந்தால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் அவரே இணையத்தில் பதியலாம். அந்தத் தேதி இல்லாவிட்டால் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்ற முடியாமல் சிக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ‘ஆர்’ என்று இருக்கும், பி.எஃப். கணக்கில் அது முன்னால் வரும். பான் அட்டையிலோ அப்பாவின் முழுப்பெயர். மனிதர் ஒருவர்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். வேலையில் இருக்கும்போதே மூன்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும். பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றால் திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்குவது பெரிய அலைச்சல்.

‘சின்னத் தொகைதானே’ என்று மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. தொடர்ந்து ஐந்து வருஷம் பணி ஆவதற்குள் எடுத்தால் வரி உண்டு. எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றினால் பழைய கம்பெனியில் இருந்த காலமும் அந்த ஐந்தில் சேரும். அவர் பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் இருந்தால், அதற்குத் தேவையான 10 வருஷமும் ஒரே கம்பெனியில் கழிய வேண்டியதில்லை. எல்லாக் கம்பெனிகளின் காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம். இடையில் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஒரே இடத்தில் இருப்பதற்கு உண்மையான பலன், வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையில் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருஷம் ஆகவேண்டும். கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 15 ஆல் பெருக்கி, 26 ஆல் வகுத்து, வருஷங்களால் பெருக்குங்கள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 30,000 என்றால் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 86,500 ரூபாய். நாலரை வருஷத்தில் கிளம்புகிற பிள்ளையிடம் ‘பொறுமை வேண்டும்’ என்று சொல்லாமல் இந்தத் தொகையைச் சொல்லுங்கள், கட்டாயம் யோசிப்பார்.

இன்னொன்று மருத்துவக் காப்பீடு. கம்பெனி தருகிற பாலிசி பொதுவாக வேலையை விடுகிற நாளோடு முடிந்துவிடும். உங்களையும் அதில் சேர்த்திருந்தால் உங்களுக்கும் அன்றோடு முடிந்தது. தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அதனால் அவர் இப்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவைப்பது நல்லது.

கேள்வி: பெங்களூருவில் இருக்கும் என் மகள் போனை எடுப்பதே இல்லை. பிறகு ‘என்னம்மா?’ என்று ஒரு மெசேஜ் வரும். இந்தத் தலைமுறைக்குப் பாசம் குறைந்துவிட்டதா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: இல்லை, அம்மா. எஸ்.டி.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசிய காலத்தில் ஓர் அழைப்பு வந்தால் அது முக்கியமான சேதி என்று அர்த்தம். எடுக்காமல் விடுவது அன்று மரியாதைக் குறைவு. இன்று மீட்டிங்கில் இருக்கிறவருக்கு எழுதின செய்திதான் வசதி. தன் நேரத்தில் நிதானமாகப் பதில் சொல்லலாம். ‘உடனே கூப்பிடு’ என்று மட்டும் அனுப்பினால் பிள்ளை பயந்துபோகும். ‘மாமா வீட்டு நிச்சயதார்த்தம், 14-ஆம் தேதி வர முடியுமா?’ என்று விஷயத்தையே எழுதுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் பேசுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை கூப்பிடுவது என்று பேசிவையுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் போன் இருந்தாலும், திரும்ப வரும் அழைப்பை அனுமதிக்கும் அமைப்பை மகள் போட்டிருந்தால் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். ஐபோனில் அது மூன்று நிமிடத்துக்குள் வரவேண்டும்.

கேள்வி: எனக்கு 25 வயது, சம்பளம் 32,000. ‘சம்பாதிப்பதையெல்லாம் கரைக்கிறீர்கள்’ என்று அப்பா தினமும் சொல்கிறார். அவர் சொல்வது நியாயமா?
*– வாசகர், மதுரை*

பதில்: பாதி நியாயம், தம்பி. கல்விக்கடன் வாங்கிப் படித்தவர் என்றால், 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத்தில் கட்ட மாதம் சுமார் 6,640 ரூபாய் போகும். அப்பாவின் முதல் சம்பளத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு பிடித்தம் இருந்திருக்காது. வாடகை, சாப்பாடு, தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். தேநீர்க் கணக்கு வேண்டாம், பெரிய செலவுகள் போதும்.

கிரெடிட் கார்டில் ‘மினிமம் டியூ’ என்கிற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிற பழக்கம் இருந்தால் அப்பா பக்கம்தான் நியாயம். மீதிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேலும் வட்டி ஏறலாம். பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். முழு பாக்கியையும் அடைக்கிறவரை அந்தக் கார்டைப் பையில் வைக்காதீர்கள். உணவு ஆப்பிலும் ஷாப்பிங் ஆப்பிலும் சேர்த்துவைத்திருக்கும் கார்டையும் இன்றே நீக்கிவிடுங்கள்.