தர்மபுரி தொகுதியின் வாக்குக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர் நூலகத்துக்காக, தர்மபுரி மக்களவைத் தொகுதியின் தேர்தல் வரலாற்றைச் சிறு கையேடாகத் தொகுக்கிறோம். வென்றவர்கள் பட்டியல் கையில் இருக்கிறது. ஆனால் 2004-க்கும் 2009-க்கும் இடையில் பாமக வாக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் சரிந்ததாக வருகிறது. இதை அப்படியே எழுதலாமா? ஆறு சட்டமன்றப் பகுதிகளின் வாக்கைக் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவரவும் இல்லை. எங்கள் ஊர் மட்டும் எப்படி வாக்களித்தது என்று எடுக்க வழி உண்டா?

பதில்: கூட்டல் சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம், அது சின்னது. மக்களவைத் தேர்தலில் தபால் வாக்குகளைச் சட்டமன்றப் பகுதிவாரியாகப் பிரிப்பதில்லை. தொகுதி முழுவதற்கும் ஒரே இடத்தில் எண்ணுவார்கள். ஆறு பகுதிகளின் இயந்திர வாக்கு, அதோடு தபால் வாக்கு, இரண்டும் சேர்ந்தால்தான் மொத்தம். உங்களுக்குக் குறைவது பெரும்பாலும் இந்தத் தபால் வாக்காகத்தான் இருக்கும். இன்னொன்று, ஆறாவது பகுதியான மேட்டூர் சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத் தாள்களை மட்டும் எடுத்தால் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என ஐந்தோடு நின்றுபோகும்.

2004, 2009 விஷயம்தான் பெரியது. இரண்டு தேர்தலிலும் பாமக வேட்பாளர் ஒருவரே, ஆர். செந்தில். 2004-இல் அவர் பெற்றது 3,97,540. 2009-இல் 2,29,870. வித்தியாசம் 1,67,670. எண் சரி, அதை வைத்து எடுக்கும் முடிவுதான் தவறு.

ஏனென்றால் நடுவில் ஒரே நேரத்தில் இரண்டு மாறிவிட்டன. 2004-இல் பாமக இருந்தது திமுக, காங்கிரஸ் அணியில். 2009-இல் அதிமுக அணியில். முதல் எண்ணுக்குள் உதயசூரியன் வாக்கும் கை வாக்கும் இருக்கின்றன, இரண்டாவதில் இரட்டை இலை வாக்கு இருக்கிறது. இரண்டுமே பாமகவின் தனி வாக்கு அல்ல. அடுத்தது எல்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் மொரப்பூர், தாரமங்கலம் என்ற சட்டமன்றத் தொகுதிகளே இல்லாமல் போயின. பாப்பிரெட்டிப்பட்டி பட்டியலில் புதிதாக வந்தது. பெயர் ‘தர்மபுரி’ என்றே இருந்தாலும் 2009-இல் வாக்களித்த நிலப்பரப்பு வேறு.

எனவே அட்டவணை போடும்போது வேட்பாளர், கட்சி, வாக்கு என்பதோடு நிறுத்தாமல் ‘அணி’ என்று ஒரு பத்தியும், ‘பழைய எல்லை / புதிய எல்லை’ என்று ஒரு பத்தியும் சேருங்கள். 2004-க்கும் 2009-க்கும் நடுவே தடித்த கோடு ஒன்று போட்டு, அதைத் தாண்டி வாக்கு எண்ணிக்கையைக் கழித்துப் பார்க்காதீர்கள். வென்றது யார், தோற்றது யார் என்பது மட்டும் கோட்டைத் தாண்டலாம். 2006 சட்டமன்றத் தேர்தலை 2009 மக்களவையோடு ஒப்பிடுவதும் இதே பிழைதான். முன்னது பழைய எல்லை, பின்னது புதியது.

அணிப் பத்தியை நிரப்பினால் பட்டியலே வேறு மாதிரித் தெரியும். 1977-இல் வாழப்பாடி ராமமூர்த்தி (காங்கிரஸ்), 1980-இல் அர்ச்சுனன் (திமுக), 1984-இல் தம்பிதுரை, 1989-இல் எம்.ஜி. சேகர் (இருவரும் அதிமுக), 1991-இல் தங்கபாலு (காங்கிரஸ்), 1996-இல் தீர்த்தராமன் (தமாகா, அதாவது தமிழ் மாநில காங்கிரஸ்). அதன்பின் பாமக தொடர்ந்து மூன்று முறை: 1998-இல் பாரி மோகன், 1999-இல் பு.தா. இளங்கோவன், 2004-இல் செந்தில். இதை ‘பாமக கோட்டை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். மூன்று வெற்றி, மூன்று வேட்பாளர், மூன்று அணி: அதிமுகவோடு ஒன்று, திமுகவும் பாஜகவும் இருந்த அணியில் ஒன்று, திமுக-காங்கிரஸ் அணியில் ஒன்று. இரண்டு திராவிடக் கட்சிகளில் எதுவும் துணைக்கு இல்லாமல் பாமக இங்கே வென்றது 2014-இல்தான். அன்புமணி 4,68,194, அதிமுகவுக்கு 3,91,048. கையேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவதானால் இந்தத் தேர்தலுக்கு ஒதுக்குங்கள்.

2019, 2024 இரண்டும் ஒரே எல்லை என்பதால் தாராளமாக ஒப்பிடலாம். 2019-இல் திமுகவின் செந்தில்குமார் 5,74,988, அதிமுக அணியில் நின்ற அன்புமணி 5,04,235. 2024-இல் திமுகவின் ஆ. மணி 4,32,667, பாஜக அணியில் நின்ற சௌமியா அன்புமணி 4,11,367. வித்தியாசம் 70,753-இலிருந்து 21,300 ஆனதால் பாமக வளர்ந்தது என்று எழுதினால் தப்பு. அதன் வாக்கும் குறைந்திருக்கிறது, திமுகவின் வாக்கு அதைவிட அதிகமாகக் குறைந்திருக்கிறது. அதிமுக இந்த முறை தனி அணியாக நின்றது என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். எண்ணிக்கை நாளில் முதல் சுற்றுகளில் சௌமியா முன்னிலையில் இருந்ததையும் ‘கடைசியில் மாறியது’ என்று கதையாக்க வேண்டாம். ஒரு சுற்று என்பது, ஒவ்வொரு பகுதியிலும் வழக்கமாக 14 மேசை, மேசைக்கு ஒரு வாக்குச்சாவடி. சாவடி எண் வரிசையில் இயந்திரங்கள் வருவதால், எந்தப் பக்கத்து ஊர்கள் முதலில் வருகின்றனவோ அவற்றின் சாயல்தான் முதல் சுற்றுகளில் தெரியும்.

இனி உங்கள் ஊர். தேவையானது ‘படிவம் 20’ என்ற சாவடிவாரி முடிவுத் தாள். சாவடிக்கு ஒரு வரி, வேட்பாளருக்கு ஒரு பத்தி, கடைசியில் செல்லுபடியான மொத்தம், நோட்டா. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேர்தல் முடிவுகள் பகுதியில் தேடுங்கள். மக்களவைத் தொகுதி எண் 10, பாலக்கோடு சட்டமன்றத் தொகுதி எண் 57. படிவத்தில் ஊர்ப் பெயரை எதிர்பார்க்காதீர்கள், சாவடி எண்தான் கிடைக்கும். எந்தத் தெரு எந்த எண்ணில் என்பது அந்தந்த ஆண்டு வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தில், பாகம் எண்ணோடு இருக்கும். வாக்காளர் கூடினால் சாவடியைப் பிரிப்பார்கள், அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். 2019-இன் 112-ஆம் சாவடியும் 2024-இன் 112-ஆம் சாவடியும் ஒரே பள்ளிக்கூடம்தானா என்று பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். சதவீதம் போடும்போது வகுக்கும் எண் எது (செல்லுபடியான வாக்கா, பதிவானதா) என்று தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். நோட்டா 2014-இலிருந்துதான் மக்களவைத் தேர்தலில் வருகிறது. அது செல்லுபடியான வாக்கில் சேராது.

பக்கத்து ஊர்களையும் எடுப்பதானால் அரூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் அருமையான தீனி. 2019 ஏப்ரல் 18 அன்று அங்கே மக்களவைக்கு ஓர் இயந்திரம், சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு ஓர் இயந்திரம். உதயசூரியன் இரண்டிலும், எதிரே மக்களவையில் பாமகவின் மாம்பழம், சட்டமன்றத்தில் அதிமுகவின் இரட்டை இலை. மக்களவை திமுகவுக்குப் போனது, சட்டமன்றம் இரண்டும் அதிமுகவுக்கு. ஒரே சாவடியின் இரண்டு படிவங்களைப் பக்கத்தில் வைத்தால், இலைக்கு விழுந்து மாம்பழத்துக்கு விழாத வாக்கு எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியில் நத்தமேடு உள்ளிட்ட 8 சாவடிகளில் மே 19-இல் மறுவாக்குப்பதிவு நடந்தது. படிவத்தில் இருப்பது அந்த இரண்டாவது நாள் எண்.

கிருஷ்ணகிரியையும் சேர்ப்பதாக இருந்தால் பெயர்களில் கவனம். 1952, 1957-இல் அங்கே வென்ற சி.ஆர். நரசிம்மன் ராஜாஜியின் மகன். 1996-இல் தமாகாவில் வென்ற சி. நரசிம்மன் வேறு ஆள். வாழப்பாடியார் 1977-இல் தர்மபுரியிலும், 1980 முதல் 1991 வரை நான்கு முறை கிருஷ்ணகிரியிலும் வென்றவர், இரண்டு பட்டியலிலும் வருவார். ஆங்கிலப் படிவங்களில் ஒரே பெயர் ஆண்டுக்கு ஓர் எழுத்துக்கூட்டலில் இருக்கும். தமிழில் தேடும்போது ‘தருமபுரி’ என்றும் ஒருமுறை அடித்துப் பாருங்கள், அரசுப் பக்கங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.