நெத்திலியை நிறுத்த வேண்டாம், குடலை எடுத்துவிடுங்கள்

கேள்வி: 2025 மே மாதம் கேரளக் கடலில் சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு, எங்கள் குமரி மாவட்டக் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. அதிலிருந்து நெத்திலி வாங்கவே மனம் வரவில்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். சுத்தம் செய்வதில்தான் கவனம் வேண்டும்.

நீங்கள் பார்த்தவை எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் கொள்கலன்களிலிருந்து கொட்டியவை. பிளாஸ்டிக் பொருள் செய்யும் ஆலைகளுக்கான மூலப்பொருள். ஆனால் மீன் குடலை ஆராய்ந்தால் அதிகம் தென்படுவது ஜவ்வரிசி போன்ற அந்த மணிகள் அல்ல. கண்ணுக்கு எளிதில் தெரியாத இழைகளும் துணுக்குகளும்தான். பழைய வலை, கயிறு, துணி துவைத்த நீர், டயர் தேய்மானம் என்று பல வழிகளில் அவை கடலுக்கு வருகின்றன. 5 மி.மீ.க்குக் குறைந்த எல்லாமே மைக்ரோபிளாஸ்டிக் கணக்கில் சேரும்.

நெத்திலி இதை ஏன் தின்கிறது? கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கில் பாசி படிந்ததும் இரையின் வாடை வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் ஒரு நெத்திலி இனத்தைத் தொட்டியில் விட்டுச் சோதித்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். பாசி படிந்த பிளாஸ்டிக் ஊறிய நீரை ஊற்றியதும் இரை கண்டதுபோல் கூட்டம் திரண்டது. புதுப் பிளாஸ்டிக் ஊறிய நீரை அது சட்டை செய்யவில்லை. சத்தில்லாத பொருள் வயிற்றை அடைத்தால் மீன் எப்படி வளரும்? சிப்பியின் பாடு இன்னும் மோசம். பிரான்ஸில் இரண்டு மாதம் பிளாஸ்டிக் துகள் கலந்த நீரில் வளர்த்த சிப்பிகளின் முட்டை எண்ணிக்கை 38 சதவீதம் குறைந்துபோனது. என்னைக் கேட்டால், நம் தட்டை நினைத்துப் பயப்படுவதைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

இனி அடுப்படிக்கு வருவோம். துகள்கள் பெரும்பாலும் தங்குவது குடலில். நெத்திலியின் தலையைக் கிள்ளி வயிற்றுப் பக்கமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். பொடி நெத்திலிதானே என்று முழுசாகப் பொரிக்காதீர்கள். நெத்திலிக் கருவாடு குடலோடு காய்ந்தது. வெந்நீரில் ஊறவைத்து அதையும் இப்படியே கிள்ளுங்கள். இறாலில் முதுகுக் கறுப்பு நரம்பை உருவிவிடுங்கள். பெரிய மீனில் குடலும் செவுளும் போனால் போதும். சிப்பியில் குடலைத் தனியே எடுக்க வழியில்லை, வேகவைத்தாலும் துகள் போகாது. பிள்ளைகளுக்கு அதை எப்போதாவது கொடுத்தால் போதும்.

கரையில் மணிகளைக் கண்டால் கையுறை போட்டு அள்ளுங்கள். கடல்நீரிலுள்ள பூச்சிமருந்து போன்ற நச்சுகளை அவை இழுத்து வைத்துக்கொள்ளும். மணலோடு அள்ளிச் சல்லடையில் சலித்தால் வேலை எளிது. குப்பையோடு போட்டு எரித்துவிடாமல் உள்ளாட்சி ஊழியர்களிடம் ஒப்படையுங்கள்.