ரயிலை மறித்த ஊர்

அன்புள்ள ஐயா,

தென் அமெரிக்காவின் கயானாவில் எண்ணெய்ப் பணம் பெருகுகிறது, அதன் கணக்கு மட்டும் மக்கள் கைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் கப்பல் பொறியாளன். எண்ணெய்த் துறை வேலையாக அதன் தலைநகர் ஜார்ஜ்டவுனில் எட்டு மாதம் இருந்தேன். எங்கு பார்த்தாலும் புதுச் சாலை, புதுப் பாலம், புது ஹோட்டல். 2024 கடைசியில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் கயானா டாலர் என்று அரசு அறிவித்துக் கொடுக்கவும் தொடங்கியது. இதைவிட மக்களுக்கு என்ன அதிகாரம் வேண்டும்? குழு, தணிக்கை, வழக்கு என்று இழுத்தால் ஒரு வேலையும் நடக்காது. நல்ல தலைவர் ஒருவர் அமைந்தால் போதும். நம் வழிவந்த மோசஸ் வீராசாமி நாகமுத்து அங்கே பிரதமராகவே இருந்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு மிகவும் பெருமையாக இருந்தது.

எம்., தூத்துக்குடி

அன்புள்ள எம்.,

எட்டு மாதம் இருந்தீர்கள் என்றால் ஜார்ஜ்டவுனுக்குக் கிழக்கே கடற்கரைச் சாலையில் பக்ஸ்டன் என்ற ஊரைக் கடந்து போயிருப்பீர்கள். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட 128 பேர் கூட்டாகக் காசு போட்டு, 1840இல் ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கி உண்டாக்கிய ஊர் அது. அந்தக் கரை கடல் ஏறும்போது கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் நிலம். மதகைத் திறந்து நீரை வடிக்காவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அந்த வடிகாலின் பேரில் வெள்ளை அரசு போட்ட வரியைத் தாங்க முடியாமல், ஆளுநர் வந்த ரயிலை ஊரார் தண்டவாளத்தில் நின்று மறித்தார்கள். 1862இல் நடந்தது என்பார்கள், பெண்கள்தான் முன்னால் நின்றார்கள் என்றும் சொல்வார்கள். ஆளுநர் அவர்களுக்குக் காது கொடுக்க வேண்டியதாயிற்று. வரி நீங்கியது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த ரயில்தான். ஓட்டுரிமை இல்லாத அந்த ஏழைகளால் ஆளுநரை நிறுத்த முடிந்தது எப்படி? அவருக்கு அவர்களுடைய வரி வேண்டியிருந்தது. அவருடைய ரயில் அவர்கள் ஊர் வழியாகப் போயாகவேண்டியிருந்தது. இப்போது எண்ணெய் எங்கே இருக்கிறது? கரையிலிருந்து ஏறக்குறைய 190 கிலோமீட்டர் கடலுக்குள். நீங்கள் நேரில் பார்த்தவர், நான் சொல்லத் தேவையில்லை. அடியிலிருந்து எடுத்து, மிதக்கும் கப்பலில் சேர்த்து, அங்கேயே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பீப்பாய்கூடக் கயானா மண்ணைத் தொடுவதில்லை. நாட்டின் பங்குப் பணமோ நியூயார்க்கில், அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. பக்ஸ்டன்காரர்கள் நின்று மறிக்க இதில் தண்டவாளமே கிடையாது. அதனால்தான் எண்ணெய் வந்த நாட்டில் குடிமக்களுக்குச் சட்டத்தால் ஒரு தண்டவாளம் போட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

நாகமுத்துவை நினைத்தால் எனக்கும் பெருமைதான். பெர்பிஸ் பக்கம் விம் என்ற சிற்றூரில் பிறந்து, பத்திரிகைக்காரராக இருந்து, 2015இல் பிரதமரானவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய கரும்புத்தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்கள் அந்தப் பக்கம் இன்றும் மாரியம்மனுக்குப் பூஜை செய்கிறார்கள். ஆனால் அவர் பிரதமராக இருந்த அரசுதான் 2016இல் எக்ஸான்மொபில் என்ற அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியின் கூட்டணியுடன் எண்ணெய் ஒப்பந்தம் போட்டு, ஒன்றரை ஆண்டு அதை மக்கள் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தது. கையெழுத்துக்கென்று கம்பெனி கொடுத்த 1 கோடியே 80 லட்சம் அமெரிக்க டாலரையும் பொதுக்கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்தது. மத்திய வங்கிக்கு நிதியமைச்சகம் எழுதிய ஒரு கடிதம் 2017 டிசம்பரில் வெளியே கசிந்த பிறகே அந்தப் பணம் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தமும் வெளிவந்தது.

அதை எவரும் இணையத்திலிருந்து இறக்கிப் படிக்கலாம். நான் படித்தேன். 100 பீப்பாய் எடுத்தால் 75 பீப்பாய் வரை செலவுக் கணக்கில் கம்பெனி கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 25இல் பாதி நாட்டுக்கு. அதாவது பன்னிரண்டரை. மேலே, எடுக்கும் எண்ணெய்க்கான உரிமைப் பணமாக 2 விழுக்காடு ராயல்டி. ஆக, செலவைக் கழித்து முடியும்வரை நூற்றுக்குப் பதினாலரை. புதிதாகத் தோண்டும் எண்ணெய் வயலின் செலவையும் பழைய வயலின் வருமானத்தில் கழிக்கலாம் என்பதால் செலவு அவ்வளவு சீக்கிரம் முடியாது. என்னைத் தூங்கவிடாதது இன்னொரு பிரிவு, 15.4. கம்பெனி கட்டவேண்டிய வருமான வரியை, அரசு தன் பங்கிலிருந்து கம்பெனிக்காகக் கட்டியதாகக் கணக்கு. மதகு வரிக்காகத் தண்டவாளத்தில் போய் நின்றவர்களின் நாட்டில்!

நல்ல தலைவர் வந்தால் போதும் என்கிறீர்கள். அதையும் அவர்கள் சோதித்துவிட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது இந்த ஒப்பந்தத்தை மாற்றிப் பேசுவோம் என்றவர்கள் 2020 ஆகஸ்டில் ஆட்சிக்கு வந்தார்கள். வந்ததும், போட்ட ஒப்பந்தத்தை மதிக்கவேண்டும் என்றார்கள். இந்திய வம்சாவளி ஒரு கட்சி, ஆப்பிரிக்க வம்சாவளி ஒரு கட்சி என்று பிரிந்து கிடக்கும் நாட்டில் ஆட்சி கைமாறியது. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

புது அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2021 டிசம்பர் 29 அன்று, எதிர்க்கட்சியினர் செங்கோலைப் பிடித்து இழுத்த அமளிக்கிடையே, எண்ணெய்ப் பணம் சேரும் இயற்கை வள நிதிக்கான சட்டத்தை நிறைவேற்றினார்கள். எண்ணெய்ப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் நிதியமைச்சர் அதை அரசிதழில் போட்டாக வேண்டும், மறைத்தால் 10 ஆண்டு வரை சிறை என்று அதில் இருக்கிறது. அமைச்சரையே உள்ளே தள்ளும் விதி. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முந்தைய சட்டத்தில் 22 பேர் இருந்த மக்கள் கண்காணிப்புக் குழு, இதில் 9 பேராகக் குறைந்துவிட்டது. வந்த பணம் எவ்வளவு என்று தெரிகிறது; அது போகும் வழியில் கைவைத்து நிறுத்த ஆள் குறைந்துவிட்டது.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் இதைக் கொஞ்சம் வேறாகச் செய்தார்கள். அங்கே 2010 டிசம்பரில் எண்ணெய் வந்தது, 2011இல் சட்டம் வந்தது. தொழிற்சங்கம், ஊர்த்தலைவர்கள், அரசித்தாய்மார் எனப்படும் பெண் தலைவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகள் எல்லாம் ஆளனுப்பும் 13 பேர் குழு ஒன்று. எண்ணெய்ப் பணத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளிக்கூடத்தையும் சாலையையும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுகிறார்கள். ஆரம்பத்தில் அந்தக் குழுவுக்கே போதிய பணம் வராமல் தவித்தது. 2015இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாமல் நின்றதும் உண்மை. குழு நாட்டைக் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் எண்ணெய்க் காசு எந்த ஊர் எந்தக் கட்டடத்துக்குப் போனது என்று கேட்க ஒரு கானாக்காரருக்கு இடம் இருக்கிறது.

வழக்கு போட்டால் வேலை நடக்காது என்கிறீர்கள். கயானாவில் சாதாரணக் குடிமக்கள் இரண்டு பேர் நீதிமன்றம் போனார்கள். கடலில் எண்ணெய் கொட்டினால் முழு இழப்பையும் யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. வரம்பில்லாத உத்தரவாதத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கு என்று 2023 மே மாதம் உயர்நீதிமன்றம் சுற்றுச்சூழல் முகமைக்கு உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அதை நிறுத்திவைத்தபோதும், 200 கோடி அமெரிக்க டாலருக்கு உத்தரவாதம் வைக்கச் சொன்னார்கள். ஒரு பீப்பாய் உற்பத்தியும் நிற்கவில்லை, எம். கடலை நம்பிப் பிழைக்கும் மீனவனுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது, அவ்வளவுதான்.

1 லட்சம் கயானா டாலரைப் பற்றி. வாங்கியவர்களை நான் குறைசொல்லமாட்டேன், அது அவர்கள் பணம். பொருளாதார அறிஞர் கிளைவ் தாமஸ் 2018இல் இதே பக்ஸ்டனில் வைத்துத்தான், எண்ணெய் வருமானத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுதோறும் பங்கு கொடுக்கவேண்டும் என்றார். அவர் கேட்டது உரிமையாக. 2024இல் வந்தது அறிவிப்பாக. முதலில் வீட்டுக்கு 2 லட்சம் என்றார்கள், சில நாளில் ஆளுக்கு 1 லட்சம் என்று மாற்றினார்கள். அடுத்த ஆண்டு தேர்தல். கொடுப்பதும் மாற்றுவதும் ஒருவர் வாயில் இருக்கும்வரை வாங்குகிறவர் வரிசையில்தான் நிற்க முடியும்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். 1999 முதல் 2017 வரைக்குமான கம்பெனிச் செலவுக் கணக்கு 167 கோடி அமெரிக்க டாலர். தணிக்கை செய்தவர்கள் அதில் 21 கோடியே 40 லட்சத்தை ஒப்பமுடியாது என்றார்கள். இடையில் அது 30 லட்சமாகச் சுருங்கி, பெரிய சர்ச்சையான பிறகு பழைய தொகைக்கே திரும்பியது. அந்தப் பட்டியலைக் கையில் கொடுத்தாலும் ஒரு பள்ளி ஆசிரியருக்கோ மீனவருக்கோ என்ன புரியும்? உங்களுக்குப் புரியும். சரக்குப் படகுக்கு நாள் வாடகை எவ்வளவு, ஹெலிகாப்டர் ஒரு நடை போய்வர எவ்வளவு, எந்தச் செலவு நியாயம், எது ஊதிப்பெருக்கியது என்று வேலை பார்த்தவர் நீங்கள். கம்பெனி ரகசியம் எதுவும் வேண்டாம். எந்த இடத்தில் எந்தக் கேள்வி கேட்கவேண்டும் என்று மட்டும் எளிய தமிழில் எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறேன். ஆங்கிலத்திலும் எழுதிக்கொடுத்தால் ஜார்ஜ்டவுன் பத்திரிகைகளுக்கு நானே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.