ஒழுங்கைக்கு ஒரு வைத்திலிங்கம்

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் குடும்பப் பெயர் வைத்திலிங்கம். அப்பாவின் பிறப்புப் பதிவில் ஆங்கிலத்தில் 'வி' எழுத்தில் தொடங்குகிறது. கனடாவில் இருக்கும் சித்தப்பா குடும்பத்தார் நடுவில் ஒரு 'ய' ஒலி சேர்த்து எழுதுகிறார்கள். பழைய காணி உறுதி ஒன்றில் 'டபிள்யூ'வில் தொடங்கியது. மூன்று வடிவங்களையும் இணையத்தில் தேடி இருநூறு பேரைச் சேர்த்துவிட்டேன். எல்லோரும் ஒரே மூதாதையின் வழி வந்தவர்களா? இன்னும் பின்னே எப்படிப் போவது?

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

இருநூறு பேரும் சொந்தக்காரர் என்றால் உங்கள் கல்யாணத்துக்குக் கொழும்பில் மண்டபம் கிடைக்காது. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒரு வைத்திலிங்கம் இருந்தார். ஒல்லாந்தர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலைக் கட்டுவித்த செட்டியாரும் வைத்திலிங்கம்தான். சுவாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், அவ்வளவே.

எழுத்துக்கூட்டல் எழுதியவருடையது, உங்கள் பூட்டனாருடையது அல்ல. ஒல்லாந்த எழுத்தர் நம் 'வ'வுக்கு 'டபிள்யூ' போடுவார். 'உ' ஒலிக்கு 'ஓ', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார். பின்னால் வந்த ஆங்கிலேயருக்குக் கந்தையாவின் 'க' ஒருநாள் 'கே', மறுநாள் 'சி'. ஆகவே அந்த 'டபிள்யூ' ஒரு காலத்தின் வாசனையைச் சொல்லலாம், வம்சத்தைச் சொல்லாது. கிடைக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் வாய்விட்டுப் படித்து, முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். என் தகப்பனாருக்கே இரண்டு கடதாசியில் இரண்டு எழுத்துக்கூட்டல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்துக் கொடுக்கும்வரை ஓர் அலுவலகம் அவருடைய ஓய்வூதியத்தைத் தொடவில்லை. உயிரோடு எதிரில் நின்ற மனிதருக்கே அந்தப் பாடு!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நம்மவரின் 'குடும்பப் பெயர்' பெரும்பாலும் ஏதோ ஒரு பாட்டனின் சொந்தப் பெயர், ஆங்கிலேயர் காலத்தில் உறைந்து நின்றது. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியைப் பாருங்கள். தகப்பனார் சேர் முத்து குமாரசுவாமி. அவருடைய பெயர் முத்து. குமாரசுவாமி என்பது அவருடைய தகப்பனாரின் பெயர். அதற்கு முந்திய தலைமுறையில் அந்தப் பெயரைத் தேடினால் எதுவும் அகப்படாது, ஏனென்றால் அங்கே நிற்பவர் ஆறுமுகம்பிள்ளை. இன்னொரு வேடிக்கை: சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அவருடைய தம்பி அருணாசலத்துக்கும் முத்து குமாரசுவாமி தாய்மாமன். ஒரே இரத்தம், ஆனால் பெயரில் ஓர் எழுத்துக்கூட ஒட்டாது. பெண்வழி உறவு அல்லவா! பெயரைத் தேடுகிறவன் வீட்டுப் பெண்கள் எல்லோரையும் தவறவிட்டுவிடுவான்.

அதனால் பெயரை விட்டுக் காணியைப் பிடியுங்கள். பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1867இல்தான். அதற்கு முன்னால் போக உறுதிகளே நல்ல வழி. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம், சொத்தை முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்க்கையில் சம்பாதித்தது) என்று வகுக்கிறது. கவனமாக உறுதி எழுதிய நொத்தாரிசு, காணி எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் சொல்லியிருப்பார். காணிப் பெயரையும் எல்லைக்காரரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்கள் போய்விடுவார்கள், காணிப் பெயர் இலேசில் மாறாது.

ஒல்லாந்தரின் தோம்புகளை, அதாவது காணியையும் குடும்பங்களையும் பதிந்த ஏடுகளை, பார்க்கக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போகலாம், வெள்ளவத்தையிலிருந்து பக்கம்தான். ஆனால் மொழி ஒல்லாந்தம், உதவிக்கு ஆள் வேண்டும். அங்கே வைத்திலிங்கத்தை மட்டும் தேடாதீர்கள். பதவிக்காகவும் சொத்துரிமைக்காகவும் ஞானஸ்நானப் பெயரில் பதிந்துகொண்ட சைவர்கள் அக்காலத்தில் ஏராளம். உங்கள் ஆள் 'தொன்' என்ற போர்த்துக்கேய மரியாதைப் பட்டம் போட்ட ஒரு பிலிப்புவாகவும் இருக்கக்கூடும்.

முதலில், கையில் இருக்கும் அந்த 'டபிள்யூ' உறுதியை முழுவதும் படியுங்கள். காணி முதுசமாக வந்திருந்தால் அவருடைய தகப்பனைத் தேடுங்கள். மனைவியின் சீதனமாக வந்திருந்தால் அடுத்துத் தேட வேண்டியது அவளுடைய தாய் தகப்பனை. அவர்களில் ஒருவரும் வைத்திலிங்கமாக இருக்கப்போவதில்லை.